நாயைக் காக்கக் கம்பெடுக்கலாமா?

கேள்வி: விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது எங்கள் நாயும் கூடவே வரும். நான்கைந்து தெருநாய்கள் அதன் மேல் பாய்ந்து குதறுகின்றன. கம்பால் அடித்தால் என் மேல் வழக்கு வருமா?
– பட்டு நெசவாளர், ஆரணி

பதில்: காப்பாற்றத் தேவையான அளவுக்கு அடித்தால் அது குற்றமாகாது. தற்காப்பு உரிமை என்று நாம் சொல்வது மனிதர் செய்யும் குற்றத்துக்கு எதிரானது. நாய் குற்றம் செய்வதில்லை. உங்களுக்குத் துணை நிற்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆவது பிரிவு. தீய நோக்கமின்றி, வேறொரு தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்த செயல் குற்றமல்ல என்கிறது அது. ஓடிவிட்ட நாயைத் துரத்திக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ கதை வேறு: 325-ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை.

கம்பு கடைசி வழிதான். உங்கள் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாளி நீரை வீசினாலே பல சண்டைகள் பிரியும். கையை மட்டும் நடுவே விடாதீர்கள். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி தவறவே கூடாது.

மூர்க்கமான நாய்களைப் பிடித்தபின் மீண்டும் தெருவில் விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் ஆணையிட்டது. அதைக் குறிப்பிட்டு, தெருவார் கையெழுத்தோடு ஆரணி நகராட்சியில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.