முப்பது கட்டங்களும் ஓர் ஒட்டுப் போர்வையும்

எஞ்சிய துணித் துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. சிந்து மாகாணத்துப் பெண்கள் தாம் தைப்பதை ரல்லி என்கிறார்கள். மேலை நாடுகளில் அது குயில்ட். சிறு துண்டுகள் சேர்ந்து ஒரு கட்டம், கட்டங்கள் சேர்ந்து ஒரு போர்வை. கேட்பதற்கு இலகுவானதுதான். ஆனால் தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கும் நாளில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, இன்னொன்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். ஒருத்தியே எல்லாவற்றையும் தைத்தால் வித்தியாசமும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். முப்பது பேர் தைத்தால் முப்பது விதம்.

இவ்வருடம் எமது தரம் 10 மாணவிகள் முப்பது பேர் ஆளுக்கொரு கட்டம் தைத்தார்கள். மலைநாட்டுக் குளிருக்கு, ஊரிலுள்ள முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதற்கான போர்வை அது. ஒன்பது சதுரங்களைக் கொண்ட மிக எளிய வடிவத்தையே தெரிவு செய்தோம். ஒவ்வொரு சதுரமும் 4½ அங்குலம். தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். தைத்து முடிந்த கட்டம் 12½ அங்குலம் இருக்க வேண்டும். கட்டங்களை மேசையில் பரப்பி அளந்தபோது 11¾ முதல் 13 அங்குலம் வரை இருந்தன. ஒன்று மட்டும் 10¾.

இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 4½ அங்குலச் சதுரங்கள் மூன்று, மொத்தம் 13½. இடையில் இரண்டு தையல். ஒவ்வொரு தையலும் இரு பக்கமும் கால் அங்குலம் விழுங்குவதால் தையலுக்கு அரை அங்குலம் போகும். மீதி 12½. இனி, ஒரு மாணவி கால் அங்குலத்துக்குப் பதிலாக 3/8 அங்குலம் விட்டுத் தைத்தாள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே தெரியாத வித்தியாசம் அது, 1/8 அங்குலம்தான். ஆனால் ஒரு தையல் இப்போது முக்கால் அங்குலம் விழுங்குகிறது. கட்டம் 12 அங்குலமாகிவிடுகிறது. 1/8 அங்குலம் மட்டும் விட்டவளின் கட்டமோ 13. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓர் அங்குலம் இடிக்கிறது. இருவருமே கவனமாகத்தான் தைத்திருக்கிறார்கள்!

மெசினின் பாதத்து ஓரம் எல்லா மெசினிலும் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் இருப்பதில்லை. ஆகவே பாதத்தை நம்பக்கூடாது. ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, தகட்டின் மீது ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால் துணியின் ஓரத்தை அதில் முட்டவைத்துத் தைக்கலாம். பின்னர் ஒரு பரீட்சை: 1½ அங்குல அகலமான மூன்று கீலங்களை வெட்டிப் பக்கவாட்டில் இணைத்து, அயன் பண்ணி, நடுக் கீலத்தை அளந்து பாருங்கள். சரியாக 1 அங்குலம் இருந்தால் உங்கள் தையல் சரி. ஐந்து நிமிட வேலை.

துணியும் கழுதைபோல் அடம்பிடிக்கும். கழுவாத பருத்தி பின்னால் சுருங்கும். ஆடைத் தொழிற்சாலைக் கழிவுத் துண்டுகளில் டீசேட் துணி கலந்திருந்தால் அது இழுபடும். அயன் பெட்டியை முன்னும் பின்னும் தேய்த்தால் கட்டம் கோணும். தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். தையலோரத்தில் சிறு மடிப்பு ஒளிந்திருந்தாலும் அளவு குறையும். எங்கள் கட்டங்களில் ஆறு, மீண்டும் ஒழுங்காக அயன் பண்ணிய மாத்திரத்திலேயே சரியான அளவுக்கு வந்துவிட்டன. எனவே கத்தரிக்கோலை எடுக்க முன்னர் அயன் பெட்டியை எடுங்கள்.

அதன் பிறகும் எஞ்சும் வித்தியாசம் 1/8 அங்குலமளவில் இருந்தால் வெட்டவோ பிரிக்கவோ தேவையில்லை. இரு கட்டங்களின் முனைகளையும் நடுவையும் முதலில் குண்டூசியால் பிணைத்து, இடையில் இன்னும் சில குத்தி, பெரிய கட்டம் கீழே இருக்கும்படி வைத்துத் தைக்க வேண்டும். மெசினின் பல் கீழ்த்துணியைச் சற்றே கூடுதலாக உள்ளே தள்ளும். மேலதிகத் துணி சுருக்கம் தெரியாமல் அதற்குள் அடங்கிவிடும். நல்ல பருத்தியாயின் கால் அங்குலம் வரைகூட இப்படிச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் சுருக்கு விழும்.

பெரியதை வெட்டிச் சிறியதாக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஒன்பது சதுர வடிவத்தில் அதை ஓரளவு செய்யலாம், நாலு பக்கமும் சமமாக வெட்டினால். நட்சத்திர வடிவத்தில் செய்யவே கூடாது. நட்சத்திரத்தின் கூர்முனைகள் ஓரத்துக்குக் கால் அங்குலம் உள்ளேதான் இருக்கும். வெட்டினால் இணைக்கும்போது அவை தையலுக்குள் மறைந்து முனை மழுங்கிவிடும்.

எங்களுக்கு இருந்த வித்தியாசம் இவை எதிலும் அடங்கவில்லை. அப்போதுதான் 10¾ அங்குலக் கட்டத்தைப் பற்றிய பேச்சு வந்தது. அது பெட்டி போட்ட பழைய சாரனில் தைத்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் வாப்பா விட்டுப்போன சாரன். தேய்ந்த இடங்களைத் தவிர்த்து வெட்டியதில் சதுரங்களை 4 அங்குலமாகத்தான் எடுக்க முடிந்திருக்கிறது. வீட்டில் மெசின் இல்லை, முழுவதும் கைத்தையல். “டீச்சர், இது பொருந்தாது. நான் எங்கட வீட்டு மெசின்ல வேற ஒண்டு தெச்சிட்டு வாறேன்” என்றாள் இன்னொருத்தி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சாரன் கட்டத்துக்குரியவள் எதுவும் பேசாமல் அதை மடித்துப் பைக்குள் வைக்கப் போனாள்.

நான் அதை வாங்கி எல்லோர் முன்னிலையிலும் அளந்து காட்டினேன். நாலு பக்கமும் 10¾. இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே அளவு. அதன்பின் 12½ அங்குலம் சரியாக இருந்த சில கட்டங்களின் மூலைவிட்டங்களை அளந்தோம். நான்கில் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம்! அளவு சிறுத்த கட்டத்தைப் பெருப்பிக்கலாம். கோணிய கட்டத்தைப் பிரிக்காமல் ஒன்றும் செய்ய முடியாது. பிரித்தது அந்த நான்கைத்தான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த கீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் சந்ததியினர் வாழும் ஊர். அங்கு பெண்கள் வயலில் உழைத்துக் கிழிந்த காற்சட்டைகளிலும் சேட்டுகளிலும் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். துண்டு போதாத இடத்தில் ஒரு கீலத்தைச் சேர்ப்பார்கள். அதுவும் போதாவிட்டால் இன்னொன்று. அந்தப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் திணைக்களம் அவற்றை முத்திரைகளாக வெளியிட்டது.

நாங்கள் செய்ததும் கீலம் சேர்ப்பதைத்தான். கடும் நீல நிறப் பொப்லின் மூன்று மீற்றர் வாங்கினோம். 2 அங்குலக் கீலங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் நாலு பக்கமும் சட்டம்போல் தைத்தோம். இதனால் கட்டம் 3 அங்குலம் வளரும்: 11¾ இருந்தது 14¾ ஆகும், 13 இருந்தது 16 ஆகும். பின்னர் எல்லாவற்றையும், கட்டம் நடுவில் வரும்படி வைத்து, 14½ அங்குலமாக வெட்டினோம். போர்வையில் சில சட்டங்கள் முக்கால் அங்குலமும் சில 1⅜ அங்குலமுமாகத் தெரியும். ஆனால் எல்லாச் சட்டமும் ஒரே துணி என்பதால் பக்கத்துச் சட்டத்தோடு கலந்துவிடுகிறது. அளவுநாடாவை வைத்தால்தான் புரியும். ஆளுக்கொரு நிறத்தில் சட்டம் போட்டிருந்தால் வித்தியாசம் பளிச்செனத் தெரிந்திருக்கும். சாரன் கட்டத்துக்கு மட்டும் 2½ அங்குலக் கீலம். அதுவும் 14¾க்கு வந்து 14½க்கு இறங்கியது.

வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை. முடிந்தபோது 70 அங்குல அகலம், 84 அங்குல நீளம். கட்டங்களை எங்கே வைப்பது என்பதை ஒவ்வொருத்தியும் சொல்லலாம் என்றேன். சாரன் கட்டத்துக்கு மூலைதான் நல்லது, அகலச் சட்டம் மறையும் என்றார்கள் சிலர். அவள் இரண்டாவது வரிசையில் நடுவைக் காட்டினாள். போர்த்துபவரின் நெஞ்சுக்கு நேரே வரும் இடம்.

வெளிக்கரை தைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். போர்வையின் ஓரத்தை அளந்து கரைத்துணியை வெட்டாதீர்கள், ஓரம் இழுபட்டிருக்கும். நடுவில் குறுக்காக அளந்து, அந்த அளவுக்கே இருபக்கக் கரையையும் வெட்டி, ஓரத்தை அதற்குள் அடக்கித் தைத்தால் போர்வை தரையில் தட்டையாகக் கிடக்கும்.