வேகத்தின் பாரம்

பிராசஸரை அதற்கு விதிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் ஓட்டுவதாகிய ஓவர்கிளாக்கிங்கில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பிராசஸரின் உஷ்ணத்தை மட்டும் கவனித்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். ஆனால் புதுச்சேரியில், கடற்கரைச் சாலைக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு, என்னுடைய கம்ப்யூட்டரையும் நண்பர்களுடையவற்றையும் வருஷக்கணக்காக இவ்விதம் ஓட்டிப் பார்த்ததில் நான் கண்டது, அந்த வேகத்தின் பாரத்தில் பெரும் பங்கை அண்டை அயலிலுள்ள பாகங்களே சுமக்கின்றன என்பதுதான்.

பிராசஸர் உட்கொள்ளும் மின்சக்தி, வேகத்தின் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்தின் விகிதத்திலும் ஏறும் ஸ்வபாவம் உடையது. 1.2 வோல்ட்டில் 3.6 கிகாஹெர்ட்ஸாக ஓடுவதை 4.4-க்குக் கொண்டுபோக 1.35 வோல்ட் தேவைப்படுமானால், வேகம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமாகக் கூடுகிறது; சக்தியோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. அந்த அதிகப்படி மின்சாரமெல்லாம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து புறப்பட்டு, மதர்போர்டில் பிராசஸரின் ஓரமாக இருந்து அதற்கு வேண்டிய வோல்டேஜை அளிக்கும் விஆர்எம் பகுதியின் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

முத்தியால்பேட்டை நண்பர் ஒருவர் லிக்விட் கூலர் பொருத்தியிருந்தார். அக்கினி நட்சத்திர காலத்தில், பிராசஸர் 70 டிகிரியைத் தாண்டாதிருந்தும் வேகம் திடீர் திடீரென்று விழுந்துகொண்டிருந்தது. கேபினட்டைத் திறந்து விஆர்எம்மின் அலுமினியத் தகட்டின்மேல் விரல் வைத்தால், வைத்த மாத்திரத்தில் எடுக்க வேண்டியிருந்தது. முன்பிருந்த சாதாரண ஃபேன், பிராசஸரோடு சேர்த்து அந்த மூலைக்கும் காற்றை அளித்துவந்தது. லிக்விட் கூலர் வந்ததும் அந்த உபகாரம் நின்றுபோயிற்று. சிறிய ஃபேன் ஒன்றைத் தகட்டுக்கு நேரே திருப்பி வைத்ததும் குறை தீர்ந்தது.

பாரம் சுமப்பது விஆர்எம் மட்டுமல்ல. 1998-இல் வெளிவந்த செலரான் 300ஏ பிராசஸரை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியது அக்காலத்தில் பிரசித்தம். பிராசஸரை மற்றப் பாகங்களோடு பிணைக்கும் பஸ்ஸின் வேகத்தை 66-இலிருந்து நேரே 100-க்கு ஏற்றியவர்கள் தப்பித்தார்கள். நடுவே 83-இல் நிறுத்தியவர்களுக்கோ அதனோடு பிணைந்து 33-இல் ஓட வேண்டிய பிசிஐ இணைப்பு 41-ஐத் தாண்டி, ஹார்ட் டிஸ்கில் ஃபைல்கள் சிதையும் அபாயம் நேர்ந்தது. இன்றும் பல மதர்போர்டுகளில் 100 மெகாஹெர்ட்ஸ் பேஸ் கிளாக்கோடு மற்ற இணைப்புகள் பிணைந்திருப்பதால், அதைத் தொடாமல், அதைப் பெருக்கிப் பிராசஸரின் வேகத்தைத் தரும் மல்டிப்ளையரை மட்டும் உயர்த்துவதே உத்தமம். ராம் வேகத்தையும் அதே நாளில் உயர்த்த வேண்டாம். பிழை எதனால் வந்ததென்று பின்னர் பிரித்தறிய முடியாது. ராமின் பிழை மௌனமாக ஃபைல்களைக் கெடுக்கக்கூடியது ஆதலால், மெம்டெஸ்ட்டை இரவு முழுவதும் ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

நம் ஊருக்கே உரிய கஷ்டம் உப்புக்காற்று. உஷ்ணம் ஏற ஏற ஃபேன்கள் வேகமாகச் சுழன்று, தூசியையும் ஈரத்தையும் அதிகமாக உள்ளே இழுக்கின்றன. உப்பு படிந்த தூசி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உலோக முனைகளை அரிக்கிறது. கடலோர வீடுகளில் மாதம் ஒருமுறையாவது கேபினட்டைத் திறந்து சுத்தம் செய்வது நலம்.

யுபிஎஸ்ஸையும் மறக்கலாகாது. வீடுகளில் சாதாரணமாக உள்ள 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கிராஃபிக்ஸ் கார்டும் முழு வேகத்தில் இருக்கும்போது மின்சாரம் போனால், ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் அக்கணமே அணைந்துவிடக்கூடும்.

ஆகையால், மார்கழிக் குளிரில் சோதித்துவிட்டு நிம்மதியடையாதீர்கள்; மே மாதப் பிற்பகலில், ஏசியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் முழுப் பளுவில் ஓட்டிப் பாருங்கள். விஆர்எம்முக்கு மேல் உலோகத் தகடே இல்லாத மலிவான மதர்போர்டாயின், ஓவர்கிளாக்கிங்கே வேண்டாம்.