பருவில் கை வைக்காதீர்கள்!

கண்ணாடி முன் நின்றாலே விரல் பருவைத் தேடிப் போகும். பருவுக்குக் காரணம் அழுக்கு அல்ல. தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசையும் இறந்த செல்களும் மயிர்க்கால் துவாரத்தை அடைத்துக்கொள்வதுதான். இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. காலையும் இரவும் மட்டும் மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுங்கள். அடிக்கடி தேய்த்தால் தோல் வறண்டு எரியும்.

2. பருவைக் கிள்ளாதீர்கள். சீழ் உள்ளே இறங்கிப் பள்ளத் தழும்பு விழும்.

3. தலை எண்ணெயை நெற்றியில் வழிய விடாதீர்கள். முடியோரம் பொடிப்பொடியாகப் பரு கிளம்ப அதுவும் காரணம்.

4. எலுமிச்சைச் சாறு, பற்பசை தடவாதீர்கள். தோல் புண்ணாகிக் கறுத்துவிடும்.

5. 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல்லை இரவில் மெல்லியதாகப் பூசுங்கள். கிருமிகளைக் குறைக்கும். துணியில் பட்டால் சாயம் வெளுக்கும் என்பதால் வெள்ளைத் தலையணை உறை போடுங்கள்.

6. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் 'சிவப்பழகு' க்ரீமைத் தொடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதலில் பளபளக்கும். பிறகு பரு கூடும், தோல் மெலியும்.

7. எந்த மருந்துக்கும் 6 முதல் 8 வாரம் பொறுங்கள். பரு ஒரே இரவில் மறையாது.

வலிக்கும் கட்டிகள், தழும்புகள், பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பருவுடன் சேர்ந்திருந்தால் தாமதிக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். பருவை ஆற்றிவிடலாம், விழுந்த தழும்பை முழுதாக அழிப்பது கடினம்.