நம் சொத்தும் நாட்டின் சட்டமும்

சுங்கை பூலோவில் குடியிருந்துகொண்டு கோலாலம்பூரில் கடை நடத்தும் சகோதரர்கள் நம்மில் பலர். காலையில் ரயிலேறி மஸ்ஜித் இந்தியாப் பக்கம் போய்ச் சேருகிறோம். இஷாவுக்குப் பின் வீடு திரும்புகிறோம். வழியில் ஓர் எல்லையைக் கடக்கிறோம் என்னும் நினைவு நமக்கு வருவதில்லை. ஆயினும் வீடு இருப்பது சிலாங்கூர் மாநிலம். கடை இருப்பது கூட்டரசுப் பிரதேசம். முஸ்லிம்களின் குடும்பச் சட்டத்தை முன்னதில் மாநிலச் சட்டமன்றம் இயற்றுகிறது; பின்னதில் நாடாளுமன்றம் இயற்றுகிறது. நாம் உயிரோடிருக்கும் வரை இவ்வேறுபாடு நம்மைத் தொடுவதில்லை. நாம் மௌத்தானபின் நம் மனைவி மக்களைத் தொடுகிறது. ஆகவே இந்த ஏற்பாடு எப்படி உண்டாயிற்று என்பதை வியாபாரிகளாகிய நாம் அறிந்திருத்தல் நலம்.

பினாங்கில் நடந்தது

1786ல் ஆங்கிலக் கம்பெனியார் பினாங்கில் கால் வைத்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம் முன்னோர் அங்கே கடைகளும் பள்ளிவாசலும் அமைத்தனர். 1807ல் பிரிட்டிஷ் மன்னர் வழங்கிய நீதிச் சாசனத்தின்படி அங்கு நீதிமன்றம் ஏற்பட்டது. குடிகளின் மதங்களையும் வழக்கங்களையும் அனுசரித்து நீதி வழங்கவேண்டும் என்று அச்சாசனம் கூறிற்று. ஆனால் அச்சாசனத்தின் மூலமே இங்கிலாந்துச் சட்டம் தீவின் சட்டமாகிவிட்டது என்று நீதிபதிகள் பொருள் கொண்டனர்.

இதன் பலன் 1871ல் நடந்த பாத்திமா எதிர் லோகன் என்னும் வழக்கில் வெளிப்பட்டது. முஸ்லிம் ஒருவர் எழுதிய மரண சாசனம் எந்தச் சட்டப்படி செல்லும் என்பது கேள்வி. இங்கிலாந்துச் சட்டப்படிதான் என்று தீர்ப்பாயிற்று. அதாவது, பினாங்கு முஸ்லிம் தன் சொத்து முழுவதையும் தான் விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம். ஷரீஅத்தோ வஸிய்யத்தை மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துகிறது. வாரிசு ஒருவருக்கு வஸிய்யத் செய்வதாயின் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்கிறது. பெண்மக்களுக்கும் விதவைகளுக்கும் மார்க்கம் உறுதி செய்த பாகத்தை ஒரு காகிதத்தால் இல்லாமற் செய்ய வழி பிறந்துவிட்டது.

கந்தூரிக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிய சொத்துக்களும் அக்காலத்தில் சோதனைக்குள்ளாயின. சொத்தை என்றென்றைக்கும் கட்டிப்போடுவதை இங்கிலாந்துச் சட்டம், பொதுத் தருமத்துக்கன்றி வேறெதற்கும் ஒப்பாது. கந்தூரி அவர்கள் கண்ணுக்குப் பொதுத் தருமமாகத் தோன்றவில்லை. நல்லெண்ணத்தோடு எழுதியவை செல்லாமற் போயின.

சிலாங்கூரில் நடந்தது

மலாய் மாநிலங்களின் கதை வேறு. 1874ல் செய்துகொண்ட பங்கோர் ஒப்பந்தத்தின்படி பேராக் சுல்தான் பிரிட்டிஷ் ஆலோசகரை ஏற்றார். மார்க்கமும் மலாய் வழக்கமும் தவிர்த்த காரியங்களிலேயே அவர் ஆலோசனை கட்டுப்படுத்தும் என்பது நிபந்தனை. அவ்வாண்டே சிலாங்கூருக்கும் ஆலோசகர் வந்தார். அதிகாரம் பெரும்பாலும் கைமாறியது உண்மையே. எனினும் சுல்தானின் கையில் மார்க்க விஷயம் எஞ்சி நின்றது.

1927ல் ரமா எதிர் லாத்தோன் என்னும் சிலாங்கூர் வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தது. இல்லற காலத்தில் சேர்ந்து சம்பாதித்த சொத்தில் மனைவிக்குப் பாத்தியதை உண்டா என்பது வழக்கு. அந்நிய நாட்டுச் சட்டமானால் அறிந்தவரைச் சாட்சியாக அழைத்து நிரூபிக்கவேண்டும். முஸ்லிம் சட்டமும் அப்படித்தானா? அல்ல என்றது நீதிமன்றம். அது இம்மண்ணின் சட்டம். அதை அறிந்து தீர்ப்புக் கூறுவது நீதிமன்றத்தின் கடமை என்றது. பினாங்கில் விருந்தாளியாக வைக்கப்பட்ட சட்டத்துக்குச் சிலாங்கூரில் வீட்டுக்காரனின் இடம் கிடைத்தது.

1952ல் சிலாங்கூர் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தை இயற்றி, மார்க்க மன்றத்தையும் காதி நீதிமன்றங்களையும் ஒரே சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது.

அரசியல் சட்டம் செய்த ஏற்பாடு

சுதந்திரத்துக்கு அரசியல் சட்டம் வகுக்க 1956ல் ரீட் பிரபுவின் தலைமையில் ஐவர் குழு அமைந்தது. இங்கிலாந்தின் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் மெக்கெல், இந்தியாவின் மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது ஆகியோர் மற்ற நால்வர். இஸ்லாத்தைக் கூட்டரசின் மார்க்கமாகக் குறிப்பிடும் ஷரத்து வேண்டியதில்லை என்று பெரும்பான்மையோர் விட்டுவிட்டனர். வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதியவர் அப்துல் ஹமீது. பின்னர் அது 3ஆம் ஷரத்தாக இடம்பெற்றது. மற்ற மதத்தினர் அமைதியோடு தம் மதத்தைப் பின்பற்றலாம் என்பதும் அதே ஷரத்தில் உண்டு. 1957 ஆகஸ்டு 31 சுதந்திர நாள்.

ஒன்பதாம் அட்டவணை அதிகாரங்களைப் பங்கிட்டது. முஸ்லிம்களின் வாரிசுரிமை, திருமணம், ஹிபா, வக்பு, ஜகாத், பள்ளிவாசல் ஆகியவை மாநிலத்தின் பட்டியலில் உள்ளன. சொத்தை நிர்வகிக்க அதிகாரப் பத்திரம் வழங்குவது கூட்டரசின் பட்டியலில் உள்ளது. 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூரைச் சிலாங்கூர் கூட்டரசுக்கு ஒப்படைத்தது. அன்று முதல் அங்குள்ள முஸ்லிம்களுக்கு இவ்விஷயங்களில் சட்டமியற்றுவது நாடாளுமன்றமாயிற்று. 1988ல் 121ஆம் ஷரத்தில் ஓர் உட்பிரிவு சேர்ந்தது: ஷரீஅத் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குட்பட்ட விஷயத்தில் உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை.

நாம் கற்கவேண்டியது

ஆகவே, இன்று ஒரு வியாபாரி காலமானால் அவர் குடும்பத்தார் இரண்டு படிகள் ஏறவேண்டும். யாருக்கு எவ்வளவு பாகம் என்பதற்கு ஷரீஅத் நீதிமன்றத்தின் பராயிள் சான்றிதழ். சொத்தைக் கையிலெடுத்து நிர்வகிக்க உயர்நீதிமன்றத்தின் அல்லது நில அலுவலகத்தின் உத்தரவு. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் வங்கிப் பணமும் நிலமும் அசையா. சிலாங்கூரில் வஸிய்யத்துக்கென்றே 1999ல் தனிச் சட்டம் உண்டாயிற்று. தாயகத்திலுள்ள வீடும் நிலமும் இந்தியச் சட்டப்படி பாகமாகும். அங்கு 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் இருக்கிறது.

நம்மவரிடையே உள்ள ஒரு குறையையும் சொல்லியாகவேண்டும். கடை தம்பி பெயரில், வீடு பங்காளி பெயரில், கணக்கு பேரேட்டில், உண்மை மனத்தில் என்று வைத்திருக்கிறோம். இருவரும் உயிரோடிருக்கையில் நம்பிக்கை போதும். ஒருவர் போனபின், நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையதாகவே நீதிமன்றம் அதைக் காணத் தொடங்கும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை அறியாத விதவையின் தலையில் விழும். கூட்டு வியாபாரமும், உடன்படிக்கையில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, கூட்டாளி ஒருவரின் மரணத்தோடு கலைந்துவிடும் என்பது 1961ஆம் ஆண்டின் கூட்டு வியாபாரச் சட்டம்.

எனவே சகோதரர்களே, கொடுக்கவேண்டிய கடனையும் வரவேண்டிய பாக்கியையும் எழுதி வையுங்கள். பிறர் பெயரிலுள்ள சொத்துக்கு இன்றே பத்திரம் செய்யுங்கள். வஸிய்யத்தையும் வக்பையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி நிறுத்தாமல், சட்டம் அறிந்தவரைக் கலந்து முறைப்படி பதியுங்கள். எது எங்கே இருக்கிறது என்பதை மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரியப்படுத்துங்கள். மார்க்கம் வகுத்த பாகத்தை நாட்டின் சட்டமும் ஒப்புக்கொள்ளும் நிலைமை எளிதில் வந்ததன்று. நம் அசட்டையால் நம் பிள்ளைகள் அதை இழக்க நாம் காரணமாகலாகாது.