ஸ்கேன் எடுத்த தேதியா, சீழ் வந்த தேதியா?

கேள்வி: வயது 56. பத்து வருடமாகச் சர்க்கரை. 2022-இல் மதுரையில் ஒரு கிளினிக்கில் கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளான்ட் வைத்தார்கள்; 80,000 ரூபாய். 2023 கடைசியில் ஈறிலிருந்து ரத்தமும் சீழும் வர ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் ‘க்ளீன் பண்ணினா சரியாயிடும்மா’ என்றார் டாக்டர். 2024 டிசம்பரில் வேறொரு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்பு கரைந்துவிட்டது என்று இரண்டையும் கழற்றினார். இதற்குள் மூன்று மாதச் சர்க்கரை அளவு 7.4-இலிருந்து 9.8 ஆகிவிட்டது. வாய்ப்புண்தான் சர்க்கரையை ஏற்றியது என்று நஷ்டஈடு கேட்கலாமா? பில்கள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன.

- வாசகி, திருமங்கலம்

பதில்: கேட்கலாம். ஆனால் சர்க்கரை ஏறியதை முன்னால் நிறுத்தாதீர்கள். ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பதை மருத்துவ உலகம் ஏற்கிறது. அதனாலேயே எதிர்த்தரப்பு, ‘இந்த அம்மாவின் சர்க்கரைதான் இம்பிளான்டைக் கெடுத்தது’ என்று திருப்பிப் போடும். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இம்பிளான்ட் திருகு வைக்குமுன் அந்த மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்தார்களா, சர்க்கரைக்காரருக்கு உள்ள ஆபத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கினார்களா? சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது விவரம் தெரிந்து தரும் சம்மதத்தைத்தான். வெறும் கையெழுத்து போதாது.

வழக்கின் உயிர் இதில் இல்லை, தேதியில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69-இன்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். சீழ் வந்த நாளிலிருந்து எண்ணினால் கெடு 2025 கடைசியிலேயே போய்விட்டது. ஸ்கேன் தேதி என்றால் 2026 டிசம்பர் வரை. ஶ்ரீகண்டே வழக்கில் (2010), 1993-இல் நடந்த அறுவை சிகிச்சைக்கு 2004-இல் புகார் கொடுத்த பெண் தோற்றார். பாதிப்பு உள்ளே மறைந்திருந்தால் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஆண்டுக்கணக்கில் வலி இருந்தும், செவிலியரான அவர் ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டது. உங்களையும் அதையே கேட்பார்கள். ‘சரியாகிவிடும் என்று அதே டாக்டர் சொன்னார், நம்பித் திரும்பத் திரும்பப் போனேன்’ என்பதே உங்கள் பதில். போனதற்கு அத்தாட்சி?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வீடு மாறும்போது கேஸ் புக்கும் ரேஷன் கார்டும் பத்திரமாக வந்து சேர்கின்றன. 80,000 ரூபாய் பில் மட்டும் தொலைகிறது! கழற்றிய பிறகும் இத்தனை காலம் எதற்குக் காத்திருந்தீர்கள்? வாய்தா வாங்கலாம், கெடுவை வாங்க முடியாது. தாமதத்தை மன்னிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தக்க காரணத்தைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது.

நாளைக்கே பழைய கிளினிக்குக்குப் பதிவுத் தபாலில் எழுதிச் சிகிச்சைப் பதிவேடு, எக்ஸ்-ரே, சம்மதப் படிவம் மூன்றின் நகலையும் கேளுங்கள். ஜிபேயில் பணம் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கு விவரமே பில்லுக்குப் பாதி. டாக்டருடன் வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் ஒன்றையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கழற்றிய திருகுகள் இன்னும் இரண்டாவது டாக்டரிடம் இருந்தால் கேட்டு வாங்கி, டப்பாவில் போட்டுத் தேதி எழுதுங்கள். எலும்பு கரைந்தது எதனால் என்று அவரிடமே எழுத்தில் வாங்கப் பாருங்கள். நிபுணர் கருத்து இல்லாமல் இத்தகைய வழக்கு நிற்பது அபூர்வம்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், நிற்காது. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், ஐந்து லட்சம் வரை கொடுத்த சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை. பத்து வரிக் கடிதத்தைப் பார்த்து இதற்குமேல் நான் சொல்வது முறையல்ல. காகிதங்களோடு ஒரு வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் பாருங்கள். செலவுக்கு வழியில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு.