மரம் அளக்கப் பழகுதல்

வனத் துறையில் உத்தியோகம் பெற விரும்பும் இளைஞர்களும், வரப்போரத்தில் நாலு தேக்கு வளர்த்திருக்கும் நம் அங்கத்தினர்களும் ஒருங்கே கற்க வேண்டிய வித்தை ஒன்று உண்டு. மரத்தை அளப்பதே அது. டேராடூனில் 1878-ஆம் ஆண்டிலும், கோயம்புத்தூரில் 1912-ஆம் ஆண்டிலும் வனப் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. இத்தகைய பயிற்சியில் மாணவன் கையில் நாடாவுடன் காட்டில் நடந்தே தொழிலைக் கற்கிறான்.

மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் எடுப்பது நம் நாட்டு வழக்கம். இதனை மார்புயரம் என்பர். கேட்பதற்கு எளிது, தோப்பில் இறங்கினால்தான் ஐயங்கள் எழும். சரிவான நிலமாயின் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரத்தைக் கணக்கிட வேண்டும். அவ்விடத்தில் கணு புடைத்திருந்தால், அதற்கு மேலும் கீழும் சம தூரத்தில் அளந்து சராசரி காண்க. அவ்வுயரத்திற்குக் கீழேயே கவைத்த மரத்தை இரண்டாகக் கொள்க. கொடியையும், உரிந்து தொங்கும் பட்டையையும் அகற்றியபின், நாடா தொய்யாமலும் சாயாமலும் சுற்றப்பட வேண்டும்.

உயரம் காண ஒரு கோல் போதும். கையை நேரே நீட்டிக் கோலைச் செங்குத்தாகப் பிடிக்கவும். கண்ணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரமும், பிடிக்கு மேலுள்ள கோலின் நீளமும் சமமாயிருத்தல் அவசியம். மரத்தின் அடி பிடிக்கு நேராகவும், உச்சி கோலின் நுனிக்கு நேராகவும் தோன்றும்வரை பின்னோக்கி நடக்கவும். சமதரையில், அங்கிருந்து மரம்வரை உள்ள தூரமே அதன் உயரம். அத்தூரத்தையும் காலடியால் அளக்கலாம். முன்னதாக 100 மீட்டரை நாடாவால் அளந்து, தமக்கு எத்தனை அடிவைப்பு ஆகிறதென்று ஒவ்வொருவரும் எண்ணி வைத்திருக்க வேண்டும்.

இனிப் பணத்தைப் பற்றிய விஷயம். வெட்டிய கட்டையின் நடுச் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது கால் சுற்றளவு முறை. சுற்றளவு 120 சென்டிமீட்டர், நீளம் 3 மீட்டர் எனில், 0.30 x 0.30 x 3 = 0.27 கன மீட்டர். கட்டையின் உண்மையான கன அளவு ஏறத்தாழ 0.34 ஆகும். அறுப்பில் கழியும் மரத்திற்காக விடப்படும் இடம் இது. விற்பவர் இதை முன்னரே அறிந்து விலை பேசுதல் நலம்.

நடுவை விட்டுச் சிறுத்த பக்கமாக நாடாவைத் தள்ளி, 114 சென்டிமீட்டர் என்று ஒருவர் குறித்துக்கொண்டால் என்ன நேரும்? ஆறே சென்டிமீட்டர் என்று தோன்றும். கணக்கோ 0.24 ஆகச் சுருங்கிவிடும். சுற்றளவில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் கன அளவில் ஏறக்குறைய பத்துக் குறையும். கண் மதிப்பில் மொத்த விலை பேசும் இடத்தில் இந்த நஷ்டம் வெளியே தெரிவதேயில்லை.

பழகுவோர் பத்து மரங்களைத் தேர்ந்து, இருவர் தனித்தனியே அளந்து ஒப்பிடலாம். முதல் நாள் கணக்குகள் ஒத்துவராவிடில் நாடா பிடித்த விதத்தை ஆராய்க. அளந்த மரங்களுக்கு எண்ணிட்டு, மார்புயரத்தில் வர்ணத்தால் கோடிட்டு, நோட்டில் தேதியுடன் பதிந்து வைக்கவும். அடுத்த ஆண்டு அதே மாதம் அதே கோட்டில் அளந்தால், எந்த மரம் பருத்தது, எது நின்றுவிட்டது என்பது புலனாகும். எதனைக் களைந்து எதற்கு இடம்விடுவது என்று அப்போது முடிவு செய்யலாம்.