சோதனையில் அகப்படாத சோர்வு

உழைத்தால் களைப்பு வரும். உறங்கி எழுந்தால் போய்விடும். உறங்கி எழுந்த பின்னும் தீராத சோர்வு ஒன்று உண்டு. ஆங்கில மருத்துவ நூல்கள் அதனைக் 'க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்' என்பர். நாம் 'நாட்பட்ட சோர்வு நோய்' எனலாம். இந்நோயால் வருந்துவோர்க்கு நோய் பாதித் துன்பம். அதற்கொரு பெயர் பெறுவது மீதித் துன்பம்.

1955 ஜூலைத் திங்களில் இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் தொண்டை வலி, தலைவலி, தசை நோவு எனத் தொடங்கி ஒரு நோய் பரவிற்று. அது பற்றியது படுக்கையிலிருந்த நோயாளிகளை அன்று. பெரும்பாலும் அங்குப் பணி செய்தோரையே. 292 பணியாளர் பாதிக்கப்பட்டனர். மருத்துவமனையையே சில காலம் மூட நேர்ந்தது. காரணமான கிருமி எதுவும் அகப்படவில்லை.

1970இல் மக்எவடி, பியர்டு என்னும் உளநோய் மருத்துவர் இருவர், இது 'கூட்டு ஹிஸ்டீரியா' என எழுதினர். நோயுற்றோரில் பெண்கள் மிகுதி என்பது அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று. செவிலியர் நிறைந்த இடத்தில் வேறு யார் மிகுதியாக நோயுறுவர்? அவ்விருவரும் நோயாளிகளை நேரில் பார்க்கவுமில்லை. பழைய குறிப்பேடுகளைப் படித்தே முடிவு கட்டினர். அந்நோயாளிகளை நேரில் கண்ட டாக்டர் மெல்வின் ராம்சே இதனை மறுத்து வந்தார். எனினும் 'எல்லாம் மனத்தின் வேலை' என்ற பேச்சு நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

ஏன் இந்தக் குழப்பம்? இரத்த சோகை, தைராய்டுக் கோளாறு, நீரிழிவு ஆகியவையும் சோர்வு தரும். அவற்றை முதலில் சோதித்து விலக்கவேண்டும். இந்நோயிலோ வழக்கமான சோதனைகளெல்லாம் சரியாகவே இருக்கும். 'ஒன்றும் தென்படவில்லை' என்பது அந்த இடத்தில் 'உனக்கு ஒன்றுமில்லை' என்று மாறிவிடுகிறது. 1988இல் அமெரிக்க ஆய்வாளர் சூட்டிய பெயரும் உதவவில்லை. 'சோர்வா? எனக்கும்தான்' என்று கேட்பவர் சொல்லிவிடுகிறார்! அசதி, அலுப்பு, களைப்பு, அயர்ச்சி என நம் மொழியில் எத்தனையோ சொற்கள் உண்டு. அவற்றுள் எதுவும் இந்நிலைக்குப் பொருந்தாது.

இந்நோயின் தனி அடையாளம் வேறு. சிறிது நடந்தாலோ, ஒரு மணி நேரம் ஊன்றிப் படித்தாலோ, அதன் விளைவு பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். பின் நாட்கணக்கில் எழ முடியாது. மருத்துவர் காண்பதோ, குளித்து உடுத்தி வந்து எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரை. வீடு திரும்பி விழுந்து கிடக்கும் அடுத்த மூன்று நாட்களை அவர் காண்பதில்லை. முற்றிலும் படுக்கையானவரோ அவரிடம் வருவதேயில்லை.

2015இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் அறிக்கை, இந்த உழைப்புக்குப் பிந்திய வீழ்ச்சியையே முதன்மை அடையாளங்களுள் ஒன்றாக வைத்தது. அந்நாட்டில் 8,36,000 முதல் 25 இலட்சம் பேர்க்கு இந்நோய் இருக்கலாம் என்றும், அவர்களுள் 84 முதல் 91 விழுக்காட்டினர் நோய் கண்டறியப்படாதவர் என்றும் அது மதிப்பிட்டது.

தவறாகக் கணித்தால் கேடும் உண்டு. மனச்சோர்வுற்றவர்க்கு நடையும் உடற்பயிற்சியும் நன்மை தரலாம்; இந்நோயாளியை அதே அறிவுரை படுக்கையில் தள்ளிவிடும். படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் சிகிச்சை பிரிட்டனில் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2021இல் வந்த வழிகாட்டி நெறிமுறை அதனைக் கைவிட்டது. ஆறு வாரத்திலேயே ஐயுறலாம், மூன்று திங்கள் நீடித்தால் நோயை உறுதி செய்யலாம் என்றும் அது கூறிற்று.

இன்று நோயாளி கொண்டு செல்லத்தக்க நல்ல சான்று ஒரு நாட்குறிப்பே: திங்களன்று என்ன செய்தார், செவ்வாயும் புதனும் எப்படிக் கழிந்தன என்ற சில வரிகள்.